வீட்டுப் பணியா, பராமரிப்புத் தொழிலா? திறன் பட்டியல்களும் மஸ்கெலியாப் பெண்களும்

இலங்கை மலையகத்தின் மஸ்கெலியா, சாமிமலை, அப்கொட், நல்லதண்ணி தேயிலைத் தோட்டங்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போகும் பெண்கள் பலர் அரசுப் பதிவேட்டில் 'வீட்டுப் பணிப்பெண்' என்ற ஒரே பிரிவில் ஏறுகிறார்கள். போன வீட்டில் அவர்கள் சமைக்கிறார்கள், கழுவுகிறார்கள், துடைக்கிறார்கள். அதோடு படுக்கையில் கிடக்கும் முதியவரைப் புரட்டிப் படுக்கவைப்பதும், நீரிழிவுக்காரருக்கு வேளை தவறாமல் மருந்து கொடுப்பதும், கைக்குழந்தையைக் குளிப்பாட்டிப் பால் புகட்டி உறங்கவைப்பதும் அவர்கள் கைவேலையாகிறது. இந்த இரண்டாவது வகை வேலையில் முதியோர் பராமரிப்புக்கு ஜப்பான் தேர்வு வைத்துத் திறன் விசா கொடுக்கிறது. பிரித்தானியா 2022இல் இதைத் தன் ஆட்பற்றாக்குறைத் தொழில் பட்டியலில் சேர்த்தது. கனடா 2025இல் இதற்கு நிரந்தர வதிவிடத்தையே தர முன்வந்தது. நம் பதிவேட்டிலோ அது கணக்கில் வராத வேலையாகவே இருக்கிறது.

ஒரு தொழிலைத் திறன் குடிபெயர்வுப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி வாதாடுவது எப்படி, அந்த வாதம் எங்கே வென்றது, எங்கே தோற்றது, வென்ற பிறகு தொழிலாளிக்கு என்ன நேர்ந்தது என்பதை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது. முதியோர், குழந்தை, நோயாளர் பராமரிப்பை வீட்டுப் பணியிலிருந்து பிரித்துத் தனித் திறன் தொழிலாக முதலில் இலங்கை ஏற்க வேண்டும். அதன் பிறகே வேற்று நாட்டுப் பட்டியல்களில் அதற்கு இடம் கேட்க முடியும் என்பது என் முடிவு.

பட்டியல் எப்படி உருவாகிறது

ஆள் தேவைப்படும் நாடுகள் எல்லாத் தொழிலுக்கும் கதவு திறப்பதில்லை. எந்தத் தொழிலுக்கு உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று பார்த்துப் பட்டியல் போடுகின்றன. பட்டியலில் உள்ள தொழிலுக்குச் சம்பள வரம்பைத் தளர்த்துவதும், கட்டணத்தைக் குறைப்பதும், விசாவை விரைவுபடுத்துவதும் வழக்கம். அவுஸ்திரேலியா 2024 டிசம்பரில் 456 தொழில்களைக் கொண்ட புதிய அடிப்படைத் திறன் பட்டியலை வெளியிட்டது. ஜப்பான் 2019 ஏப்ரலில் 'குறித்த திறன் தொழிலாளர்' திட்டத்தை 14 துறைகளோடு தொடங்கியது. 2024 மார்ச்சில் வீதிப் போக்குவரத்து, ரயில்வே, காட்டுத் தொழில், மரத் தொழில் ஆகியவற்றைப் புதிதாகச் சேர்க்க முடிவு செய்தது. பட்டியல்கள் நிலையானவை அல்ல. யாராவது கேட்டால், சான்று காட்டினால், அரசியல் சூழல் இடம் கொடுத்தால் அவை மாறும்.

இந்த வாதாட்டத்தின் இலக்கணத்தை மிகத் தெளிவாக வகுத்த நாடு பிரித்தானியா. 2007இல் அமைந்த அதன் குடிபெயர்வு ஆலோசனைக் குழு, 2008இல் கொடுத்த முதல் பெரிய அறிக்கையில் மூன்று கேள்விகளை வைத்தது. இந்தத் தொழிலுக்குத் திறன் வேண்டுமா? ஆட்பற்றாக்குறை உண்மையா? வெளிநாட்டு ஆளைக் கொண்டு அதைத் தீர்ப்பது விவேகமா? முதற் கேள்விக்குக் கல்வித் தகுதியையும் சம்பளத்தையும் வேலையிடப் பயிற்சியையும் பார்த்தார்கள். இரண்டாவதற்கு நிரப்பப்படாத வேலையிடங்களையும் ஊதிய ஏற்றத்தையும் பார்த்தார்கள். மூன்றாவதற்கு, சம்பளத்தைக் கூட்டியோ உள்ளூராருக்குப் பயிற்சி கொடுத்தோ இதைச் சமாளிக்க முடியாதா என்று கேட்டார்கள்.

அந்தக் காலப் பட்டியலில் மருத்துவரும் பொறியியலாளரும் மட்டும் இருக்கவில்லை. ஆட்டு ரோமம் கத்தரிப்பவரும் இடம்பெற்றார். அவருக்குப் பட்டம் தேவைப்படவில்லை. பிரித்தானியக் கம்பளிச் சபையின் வெண்கலப் பதக்கம் அல்லது அதற்கு இணையான சான்று இருந்தால் போதும். தோட்டப் புறத்தார் இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். கைவேலையிலும் திறன் உண்டு என்று ஒரு வல்லரசு ஒப்புக்கொண்டது, அந்தத் திறனைச் சோதித்துப் பதக்கம் கொடுக்க ஓர் அமைப்பு இருந்ததால். சோதிக்க ஆளில்லாத திறன் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

பிரித்தானியாவில் வென்றதும் சீரழிந்ததும்

பராமரிப்பாளர்களில் பெரும்பாலோர் நெடுங்காலம் அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். குறைந்த சம்பளம், குறைந்த கல்வித் தகுதி என்று காரணம் சொல்லப்பட்டது. கொவிட் தொற்று அந்தக் கணக்கை மாற்றியது. 2021 ஏப்ரலில் மூத்த பராமரிப்பாளர்கள் சேர்க்கப்பட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ஆலோசனைக் குழு பரிந்துரைக்க, 2022 பெப்ரவரி 15 முதல் சாதாரணப் பராமரிப்பாளர்களும் வீட்டுப் பராமரிப்பாளர்களும் பட்டியலில் ஏறினார்கள். 2021/22இல் இங்கிலாந்தின் வயதுவந்தோர் பராமரிப்புத் துறையில் ஏறத்தாழ 1,65,000 இடங்கள் காலியாக இருந்தன. அந்த ஆட்பற்றாக்குறையே முக்கிய வாதமாக இருந்தது.

அடுத்து நடந்ததை நாம் மறைக்காமல் பேச வேண்டும். விசா வேலை கொடுத்தவரோடு கட்டப்பட்டிருந்தது. அவர் அனுமதியை இழந்தால், தொழிலாளி 60 நாளுக்குள் வேறு அனுசரணையாளரைத் தேட வேண்டும். இல்லையேல் நாட்டை விட்டுப் போக வேண்டும். இதைப் பயன்படுத்தி முகவர்கள் பெருந்தொகை கறந்தார்கள். இல்லாத ஒரு பராமரிப்பு இல்லத்தின் பேரில் 275 அனுசரணைச் சான்றுகள் வழங்கப்பட்டிருந்ததை எல்லைப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் சுயாதீனப் பரிசோதகரின் அறிக்கை 2024 மார்ச்சில் வெளிப்படுத்தியது. 2022 ஜூலைக்கும் 2024 டிசம்பருக்கும் இடையில் 470க்கும் அதிகமான பராமரிப்பு நிறுவனங்களின் அனுமதி பறிக்கப்பட்டது. 39,000க்கும் அதிகமான தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். 2024 மார்ச் 11 முதல் பராமரிப்பாளர்கள் கணவன், மனைவி, பிள்ளைகளை அழைத்துச் செல்ல முடியாதென்று ஆனது. 2025 ஜூலை 22இல் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதே நிறுத்தப்பட்டது. திறந்த கதவு மூன்றரை ஆண்டுகூட நிற்கவில்லை.

இதிலிருந்து இரண்டு முடிவுகளுக்கு வருகிறேன். ஒரு நாட்டின் பட்டியலை மட்டும் நம்பி ஒரு தலைமுறைக்குப் பயிற்சி கொடுக்கக் கூடாது. அதோடு, பட்டியலில் இடம் கிடைத்தால் மட்டும் பாதுகாப்பு கிடைத்துவிடாது; யார் ஆளெடுக்கிறார், யார் பணம் வாங்குகிறார், முதலாளியை மாற்ற உரிமை உண்டா என்பவையும் அதே ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும்.

மற்ற நாடுகளின் வழிகள்

ஜப்பானின் வழி தேர்வு வழி. பராமரிப்புத் துறைக்குப் போக விரும்புபவர் பராமரிப்புத் திறன் தேர்வு, பொது ஜப்பானிய மொழித் தேர்வு, பராமரிப்புக்கான மொழித் தேர்வு ஆகியவற்றில் தேற வேண்டும். பல்கலைக்கழகப் பட்டம் கேட்பதில்லை. 2024 முதல் ஐந்தாண்டில் பராமரிப்புத் துறைக்கு மட்டும் 1,35,000 பேர் வரை எடுக்க 2024இல் திட்டமிட்டார்கள். 2025 ஏப்ரலில், வீடுகளுக்குச் சென்று முதியோரைப் பராமரிக்கும் வேலையையும் நிபந்தனைகளோடு வெளிநாட்டவருக்குத் திறந்தார்கள். இத்திட்டத்துக்கான ஒத்துழைப்பு உடன்படிக்கையில் இலங்கை 2019 ஜூனிலேயே கையெழுத்திட்டது. ஆக, கதவு இருக்கிறது. மஸ்கெலியாவிலிருந்து அந்தக் கதவுவரை பாதை போடப்படவில்லை.

கனடா 2025 மார்ச் 31இல் வீட்டுப் பராமரிப்பாளருக்கான முன்னோடித் திட்டத்தைத் திறந்தது. உயர்நிலைக் கல்வி, அடிப்படை அளவில் ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு, ஆறு மாத அனுபவம் அல்லது பயிற்சி ஆகியவை நிபந்தனைகளாக இருந்தன. இடங்கள் மிகக் குறைவாகவும் போட்டி மிகக் கடுமையாகவும் இருந்தன. ஆனாலும் அனுபவத்தைத் தகுதியாக ஏற்றுக்கொண்டது முக்கியம்.

நமக்கு மிக நெருக்கமான முன்மாதிரி தாய்வான். அங்கே வீடுகளில் முதியோரைப் பராமரிக்கும் இந்தோனேசிய, பிலிப்பைன்ஸ், வியட்நாம் பெண்கள் நெடுங்காலம் வெறும் வேலையாட்களாகவே எண்ணப்பட்டார்கள். 2022 ஏப்ரல் 30 முதல், ஆறு ஆண்டு வேலை செய்தவர் ஊதியமும் பயிற்சியும் பற்றிய நிபந்தனைகளை நிறைவு செய்தால் 'இடைநிலைத் திறன்' தொழிலாளராக உயர வழி வகுத்தார்கள். அதிலிருந்து நிரந்தர வதிவிடத்துக்கும் படி வைத்தார்கள். அந்தப் பெண்களின் கைகள் 2022 ஏப்ரல் 29ஆம் திகதி செய்ததையே மே மாதத்திலும் செய்தன. அரசின் பார்வைதான் மாறியது.

அனுப்பும் நாடுகளில் பிலிப்பைன்ஸ் முன்னே நிற்கிறது. 2006 டிசம்பரில் வீட்டுப் பணியாளருக்கான சீர்திருத்தத்தை அறிவித்து, மாதம் 400 டொலர் அடிச் சம்பளம், கட்டாயத் திறன் சான்றிதழ், தொழிலாளியிடம் முகவர் கட்டணம் வாங்கத் தடை ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கொண்டுவந்தது. நடைமுறையில் மீறல்கள் இருந்தாலும், பேரம் பேசும் அடித்தளம் உயர்ந்தது. 2012இல் வீட்டுத் தொழிலாளர் பற்றிய சர்வதேச தொழில் அமைப்பின் 189ஆம் சமவாயத்தை ஏற்றது. 2023 நவம்பரில் பராமரிப்பாளர் நலனுக்கென்று தனிச் சட்டமே நிறைவேற்றியது. இலங்கை அந்தச் சமவாயத்தை இன்னும் ஏற்கவில்லை.

அண்டையில் கேரளமும் ஒரு வழி காட்டுகிறது. அதன் நோர்க்கா நிறுவனம் 2021 டிசம்பரில் ஜேர்மன் அரசு அமைப்புகளோடு தாதியரை அனுப்ப உடன்பாடு செய்தது. ஆளெடுப்பு அரசுக்கும் அரசுக்கும் இடையில் நடக்கிறது. தாதியிடம் கட்டணம் வாங்குவதில்லை. ஜேர்மன் மொழிப் பயிற்சியும் இலவசம். இடைத்தரகருக்கு அங்கே இடமில்லை.

ஒரே வீடு, இரண்டு வகைப்பாடு

வாதத்தின் கரு இங்கேதான் இருக்கிறது. சர்வதேச தொழில் அமைப்பின் 2008ஆம் ஆண்டு தொழில் வகைப்பாட்டில் வீடு துடைப்பவருக்கும் துணி துவைப்பவருக்கும் இலக்கம் 9111. ஒன்பதாம் பெரும்பிரிவு, அதாவது அடிப்படை வேலைகள், முதல் திறன்மட்டம். வீட்டில் வைத்து ஒருவரைப் பராமரிப்பவருக்கு இலக்கம் 5322. குழந்தை பராமரிப்பவருக்கு 5311. இரண்டும் ஐந்தாம் பெரும்பிரிவு, இரண்டாம் திறன்மட்டம். குவைத்தில் ஒரு வீட்டில் காலையில் தரை துடைத்துவிட்டுப் பகலில் பாட்டிக்குப் பராமரிப்புச் செய்யும் சாமிமலைப் பெண் ஒரே நாளில் இரண்டு திறன்மட்டங்களிலும் உழைக்கிறாள். சம்பளமும் பதிவும் மட்டும் கீழ்மட்டத்துக்கே எழுதப்படுகின்றன.

1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம், வெளியே போகிறவர்களைத் தொழில்வாண்மையாளர், இடைநிலை, எழுதுவினைஞர், திறனுள்ளோர், அரைத்திறனுள்ளோர், திறனற்றோர் என்று பிரித்து, வீட்டுப் பணிப்பெண்களைத் தனி வரிசையில் வைத்துக் கணக்கெடுத்து வந்திருக்கிறது. அந்த ஒரு வரிசைக்குள் எத்தனை பேர் உண்மையில் பராமரிப்பாளர் என்று எண்ணிப் பார்த்தால்தான் வேறொரு நாட்டிடம் நாம் சான்று காட்ட முடியும்.

இந்தக் குழப்பத்துக்கு நம் மக்கள் உயிரையே விலையாகக் கொடுத்திருக்கிறார்கள். மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் 2005இல் சவூதிக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போனார். பிறப்புச் சான்றின்படி வயது 17. கடவுச்சீட்டில் வயது கூட்டி எழுதப்பட்டிருந்தது. போன சில வாரங்களிலேயே நான்கு மாதக் கைக்குழந்தை அவர் பொறுப்பில் விடப்பட்டது. குழந்தை இறந்தது. புட்டிப்பால் குடிக்கும்போது புரையேறியது என்று அவர் சொன்னார். நீதிமன்றம் கொலை என்றது. 2013 ஜனவரி 9இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது பயிற்சி வேண்டிய தொழில். பயிற்சியே இல்லாத சிறுமியிடம் வீட்டு வேலை என்ற பேரில் அந்தத் தொழில் திணிக்கப்பட்டது. தொழிலின் பெயரைச் சரியாக எழுதச் சொல்வது உயிரைக் காப்பதற்காகவும்தான்.

கொழுந்து பறிப்பதையே திறன் தொழிலாகப் பட்டியலில் சேர்க்கக் கேட்கலாமே என்று சிலர் நினைக்கலாம். இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்து, முற்றலை விலக்கி, செடி நோகாமல், சரிவில் கால் ஊன்றி நாள் முழுவதும் பறிப்பது திறன் என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் அதே சர்வதேச வகைப்பாடு பயிர், பழம் பறிக்கும் வேலையை 9211 என்று அடிப்படை வேலைகளில் போட்டிருக்கிறது. தேயிலைக்கென்று தனியாக ஆட்பற்றாக்குறைக் கதவு திறந்த செல்வ நாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை. கொழுந்தின் திறனுக்கு முதலில் நம் நாட்டிலேயே மதிப்பும் சம்பளமும் கேட்க வேண்டும். வெளியே கதவு திறந்திருப்பது பராமரிப்புக்கு.

மஸ்கெலியா எங்கே நிற்கிறது

மலையகத் தமிழர் வரலாறே ஆட்பற்றாக்குறையின் வரலாறு. 1823இல் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் காப்பித் தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டது முதல் தமிழகத்திலிருந்து மக்கள் வந்தார்கள். ஆள்சேர்க்கும் கங்காணி முற்பணம் கொடுத்தான். பின்னாளில் தொழிலாளியின் கடன் 'துண்டு' என்ற சீட்டில் எழுதப்பட்டது. அதைத் தீர்க்காமல் வேறு தோட்டத்துக்கு நகர முடியாது. 1921இல்தான் சட்டம் அதை ஒழித்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. திரும்பிப் போனவர்களுக்காகத் தமிழக அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் திட்டம் தொடங்கியது. அவர்கள் கையில் இருந்த தொழிலை நம்பியே அது எழுந்தது. ஒவ்வொரு முறையும் இம்மக்களின் வகையையும் இடத்தையும் வேறு யாரோ தீர்மானித்தார்கள். இம்முறை வகைப்பாட்டைப் பற்றிய வாதத்தை நாமே எழுத வேண்டும் என்கிறேன்.

பழைய கங்காணி முறையின் சாயல் இன்றும் இருக்கிறது. வளைகுடாவுக்குப் பெண்ணை அனுப்பும் உபமுகவர் குடும்பத்தின் கையில் முன்கூட்டியே ஒரு தொகையை வைக்கிறார். கடனும் வட்டியும் அடகு நகையும் உள்ள வீட்டில் அந்தத் தொகை அன்றே கரைந்துவிடும். பிறகு, போகமாட்டேன் என்று சொல்ல அந்தப் பெண்ணுக்கு வழியில்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவும் துணிவு வருவதில்லை.

அவளை வெளியே தள்ளுவது எது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 2021 மார்ச்சில்தான் கைக்கு வந்தது. 2024 செப்டம்பரில் அடிச்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. 2026க்கான வரவு செலவுத் திட்டம் 1,550 ரூபாயும் அரசின் 200 ரூபாய் வரவு ஊக்கத்தொகையும் சேர்த்து 1,750 ரூபாய் என்று முன்மொழிந்தது. கொழுந்து குறைந்த நாளில் நிறை வராவிட்டால் 'அரைப் பேர்' விழும், அதாவது பாதி நாட்சம்பளமே கிடைக்கும். லயன் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் ஓர் அறையில், மூன்று தலைமுறை ஒன்றாகக் குடியிருக்க, விலைவாசி 2022இல் ஏறிய ஏற்றத்தை இந்தச் சம்பளத்தால் எட்ட முடியவில்லை. 2022 முதல் நாடு முழுவதிலுமிருந்து ஆண்டுதோறும் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் வேலை தேடி வெளியேறுகிறார்கள். 2024இல் அவர்கள் அனுப்பிய பணம் 650 கோடி டொலரைத் தாண்டியது. இந்த வரவில் மலையகப் பெண்ணின் பங்கு உண்டு. திறன் பிரிவில் அவள் பங்கு மிகச் சிறியது.

காரணங்களைத் தேடித் திரிய வேண்டியதில்லை. தொழிற்கல்வித் தரநிலைச் சட்டகத்தில் பராமரிப்பாளர் தொழிலுக்கு என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) தகுதி இருக்கிறது. ஆனால் தமிழில் அதைக் கற்பிக்கும் பயிற்றுநரும் தமிழில் சோதிக்கும் மதிப்பீட்டாளரும் மலைநாட்டுக்குப் போதிய அளவில் இல்லை. மொழித் தேர்வுக்கும் திறன் தேர்வுக்கும் கொழும்பு போக வேண்டும். ஹட்டனிலிருந்து போய்த் தங்கித் திரும்ப ஒரு கிழமைச் சம்பளம் போய்விடும். சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திய பிள்ளைகளுக்குத் தகவலே உபமுகவர் வழியாகத்தான் வருகிறது. லயத்துக்குத் தனி முகவரி இல்லாமல் தோட்ட அலுவலகத்துக்குக் கடிதம் போகும் இடங்களில், நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தாலும் கைசேரும்போது நாள் கடந்திருக்கும்.

இத்தனைக்கும் நடுவே பராமரிப்பு அறிவு தோட்டத்தில் ஏற்கெனவே வேரூன்றி இருக்கிறது. பிள்ளைக் காம்பராவில் கைக்குழந்தைகளை நாள் முழுவதும் வைத்துப் பார்க்கும் ஆயாமார் இருக்கிறார்கள். சவூதியிலும் குவைத்திலும் ஜோர்தானிலும் ஆண்டுக்கணக்கில் முதியோரைப் பார்த்துவிட்டுத் திரும்பிய பெண்கள் டிவிசன்தோறும் இருக்கிறார்கள். அரபு பேசுவார்கள், அளவு தவறாமல் மருந்து கொடுப்பார்கள், நோயாளியைத் தூக்கும் முறை தெரியும். இவர்கள் கையில் சான்றிதழ் இல்லை.

எதிர்வாதங்களை எடைபோடுதல்

முதல் எதிர்ப்பு தோட்ட நிர்வாகத்திலிருந்து வரும்: மலையில் கொழுந்தெடுக்க ஆளில்லாத நேரத்தில் வெளிநாட்டுக்குப் பாதை போடலாமா? 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு மாறியபோது மூன்று லட்சத்துக்கு மேலிருந்த தொழிலாளர் தொகை இன்று பாதிக்கும் கீழே போய்விட்டது. எந்தத் திறன் பட்டியலும் இதைச் செய்யவில்லை. சம்பளமும் வாழ்நிலையும் செய்தன. பெண்கள் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறார்கள். எந்தப் பிரிவில், எந்தப் பாதுகாப்போடு போகிறார்கள் என்பதே கேள்வி.

இரண்டாவது எதிர்ப்பு கனமானது: பிள்ளைகளை யார் பார்ப்பது? தாய் இல்லாத வீட்டில் படிப்பு கெடுவதையும் பெண்பிள்ளைகள் பாதுகாப்பு இழப்பதையும் மலையகம் கண்ணால் கண்டிருக்கிறது. அரசு 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை முறையைக் கொண்டுவந்து, ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையுள்ள தாய் போவதைத் தடுத்தது. பொருளாதார நெருக்கடியில் 2022இல் அந்த வயதை இரண்டாகக் குறைத்தது. தடை போட்ட காலத்தில் சிலர் சட்டத்துக்குப் புறம்பான வழிகளில் போனார்கள். தடையைத் தளர்த்தியபோது பிள்ளைக்கான ஏற்பாடு எதுவும் கூடவரவில்லை. திறன் பிரிவில் போனால் இந்தத் துயரம் மறைந்துவிடாது. பிரித்தானியா செய்ததைப் போல குடும்பத்தை அழைக்கும் உரிமையைப் பறிக்கவும் கூடும். ஆனாலும் குறித்த வேலை நேரம், வாராந்த விடுமுறை, ஆண்டு விடுப்பு, கைப்பேசி வைத்திருக்கும் உரிமை என்று எழுதப்பட்ட ஒப்பந்தத்தில் தாய் பிள்ளையோடு தொடர்பில் இருக்கலாம். பூட்டிய வீட்டுக்குள் வேலை செய்யும் பணிப்பெண்ணுக்கு அதுவும் உறுதியில்லை.

மூன்றாவது எதிர்ப்பு நாட்டு நலனைப் பற்றியது. இலங்கையிலும் முதுமை ஏறுகிறது. 2012 குடிசன மதிப்பீட்டிலேயே 60 வயதைக் கடந்தோர் 12.4 சதவீதம். நம் முதியோருக்கே பராமரிப்பாளர் வேண்டாமா? வேண்டும். அதனால்தான் பயிற்சியை மலையகத்துக்குக் கொண்டுவரச் சொல்கிறேன். பயிற்சி பெற்றவர்களில் எல்லோரும் போவதில்லை; போனவர்களில் பலர் திரும்புவார்கள். அவர்கள் கையில் சான்றிதழ் இருந்தால் கண்டியிலும் கொழும்பிலும் முதியோர் இல்லங்களில் மரியாதையான வேலை கேட்க முடியும். இன்று திரும்பி வருகிறவள் மறுபடியும் கொழுந்துக் கூடையைத் தூக்குகிறாள், இல்லையேல் மறுபடியும் விமானம் ஏறுகிறாள்.

மனுவில் இருக்க வேண்டியவை

பிரித்தானியக் குழுவின் மூன்று கேள்விகளையே நாம் எடுத்துக்கொள்ளலாம். பற்றாக்குறை உண்மையா என்பதற்கு ஜப்பானும் கனடாவும் தாங்களே எண்ணிக்கை கொடுத்துவிட்டன. திறன் உண்டா என்பதை நாம் நிறுவ வேண்டும். விவேகமா என்பதற்கு நம் பக்க நிபந்தனைகளை எழுத வேண்டும்.

திறனை நிறுவ முதல் வேலை பதிவேட்டில் தொடங்குகிறது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் முதியோர், குழந்தை, நோயாளர் பராமரிப்பு உண்டா என்று தனியாக எழுதவைக்க வேண்டும். உண்டென்றால் அது பராமரிப்பாளர் ஒப்பந்தம். பயிற்சியும் சம்பளமும் அதற்கேற்ப அமைய வேண்டும்.

இரண்டாவது, திரும்பி வந்த பெண்களின் அனுபவத்துக்குச் சான்று கொடுப்பது. முன்கற்றலை மதிப்பிட்டு என்.வி.கியூ. வழங்கும் முறை இலங்கையில் ஏற்கெனவே இருக்கிறது. பழைய ஒப்பந்தத்தையும் கடவுச்சீட்டையும் கொண்டுவந்து, மதிப்பீட்டாளர் முன் செய்துகாட்டினால் போதும். இதை ஹட்டனில், தமிழில், பிரதேச செயலகங்களோடு சேர்ந்து நடத்த வேண்டும். ஆட்டு ரோமம் கத்தரிப்பவருக்குப் பதக்கம் செய்த வேலையை நம் பெண்ணுக்கு இந்தச் சான்றிதழ் செய்யும்.

மூன்றாவது, புதிதாகப் படிப்பவர்களுக்கான பயிற்சி. 2017இல் திறக்கப்பட்ட டிக்கோயா ஆதார மருத்துவமனை நோயாளர் பராமரிப்புச் செய்முறைக்கு ஏற்ற இடம். பாடம் தமிழில் இருக்கட்டும். கூடவே ஜப்பானியமோ ஆங்கிலமோ ஓராண்டு கற்பிக்கட்டும். எந்த நாட்டுப் பட்டியல் மூடினாலும் இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோகக் கூடிய தகுதியாக அது இருக்க வேண்டும்.

நான்காவது, கட்டணமில்லா ஆளெடுப்பு. கேரளத்தைப் போல அரசுக்கும் அரசுக்கும் இடையில் உடன்பாடு செய்து, தொழிலாளியிடம் எந்த முகவரும் பணம் வாங்கவும் முற்பணம் கொடுத்துக் கட்டிப்போடவும் முடியாதபடி தடுக்க வேண்டும். முதலாளியை மாற்றும் உரிமையும் அதிலேயே எழுதப்பட வேண்டும். 189ஆம் சமவாயத்தை இலங்கை ஏற்பது இதற்குப் பலம் சேர்க்கும்.

ஐந்தாவது, வீட்டில் விடப்படும் பிள்ளைக்கும் முதியவருக்குமான ஏற்பாடு. பிள்ளைக் காம்பராக்களைப் பள்ளி நேரத்துக்குப் பின்னும் திறந்துவைப்பதும், பொறுப்பேற்கும் உறவினருக்கு உதவித்தொகை கொடுப்பதும் அனுப்பப்படும் பணத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய செலவு.

இவற்றைச் செய்யக் கோர வேண்டியவர்கள் நம் தொழிற்சங்கங்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும். நாட்சம்பளப் பேச்சுவார்த்தைக்குக் கொடுக்கும் அழுத்தத்தில் பாதியை இதற்குக் கொடுத்தாலும், மஸ்கெலியாவிலிருந்து போகும் பெண்ணின் அடுத்த ஒப்பந்தம் வேறு மாதிரி இருக்கும். வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலிருந்தோ லயத்திலிருந்தோ ஒரு பெண் வெளிநாடு போகிறார் என்றால், கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தை வாங்கிப் படியுங்கள். தொழில் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது, அங்கே யாரைப் பராமரிக்கப் போகிறார் என்று கேளுங்கள். திரும்பி வந்தவர்கள் இருந்தால் பழைய ஒப்பந்தங்களையும் கடவுச்சீட்டையும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். நாளைக்கு அவர்களின் திறனுக்குச் சான்று அந்தத் தாள்கள்தான்.